பழைய பெட்டியில் புது கிராஃபிக்ஸ் கார்டு: படம் எந்த நொடியில் நிற்கிறது?

"அண்ணா, ரெண்டாவது கார்டும் செத்துப்போச்சு."

இரவு பதினொரு மணிக்குப் பெரியம்மா மகன் போனில் சொன்னது இது. பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப். அதில் புதிதாக வாங்கிப் போட்ட ஜிடிஎக்ஸ் 1650. ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. கடைக்காரர் நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது கார்டிலும் அதே கதை.

வீடியோ காலில் பெட்டியின் முதுகைக் காட்டச் சொன்னேன். மானிட்டர் பழசு, அதில் விஜிஏ என்ற பழைய அனலாக் வாய் மட்டும்தான். கார்டின் டிவிஐ வாயில் ஒரு சின்ன வெள்ளை அடாப்டர், அதன் பின்னால் விஜிஏ கேபிள். அந்த அடாப்டரைப் பிடுங்கிக் காட்டியதும் விஷயம் விளங்கிவிட்டது. தட்டையான பின்னைச் சுற்றி இருக்கவேண்டிய நான்கு பின்களைக் காணோம், யாரோ கட்டரால் நறுக்கியிருந்தார்கள். "நுழையலண்ணா, அதான்..." என்று இழுத்தான். நிறங்களைச் சுமந்து வரும் அனலாக் சிக்னல் அந்த நான்கு பின்களில்தான் வரும். கார்டில் அதற்கான துளைகள் இல்லாததற்குக் காரணமே, அது அனலாக் சிக்னல் தரும் கார்டு இல்லை என்பதுதான். இரண்டு கார்டுகளும் உயிரோடுதான் இருந்தன.

பழைய கம்ப்யூட்டரில் புதுக் கார்டு ஓடவில்லை என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிந்திருக்கின்றன. கார்டு நன்றாகவே இருக்கும், சுற்றியிருக்கும் ஏதோ ஒரு பழசுதான் அதோடு ஒத்துப்போகாது. அது எது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பத் தேவையில்லை. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து எந்த நொடியில் நிற்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. உயிரே வராமல் கிடப்பதற்கும், ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருப்பதற்கும், விண்டோஸ் வரும்போது படம் மறைவதற்கும் காரணங்கள் வேறு வேறு. இந்தக் குறிப்பை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். கரண்ட் கணக்கை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பழைய பெட்டி என்று நான் சொல்வது சுமாராக 2010 முதல் 2015 வரையிலான மெஷின்களை. இன்டெலில் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை, 2012-இன் மூன்றாம் தலைமுறை, 2013-இன் நான்காம் தலைமுறை. ஏஎம்டியில் எஃப்எக்ஸ் வரிசை. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி காம்பாக், லெனோவோ திங்க்சென்டர் போன்ற ஆபீஸ் பெட்டிகளில் நிறைய இந்த வயதுதான்.

கரண்ட் கணக்கு

மதர்போர்டில் கார்டு உட்காரும் நீளமான ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பெட்டிக்குள் கரண்ட் தரும் பவர் சப்ளை) தனிக் கேபிள் போகவேண்டும். 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் வரை தரும்.

எந்தக் கார்டு எவ்வளவு இழுக்கும்? ஜிடி 1030-க்கு 30 வாட். ஆர்எக்ஸ் 6400-க்கு 53. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகைக்கு 70. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் 75. இவை ஸ்லாட்டிலிருந்தே பிழைத்துக்கொள்ளும் ஜாதி. (1650-இல் 6 பின் வைத்த வகைகளும் உண்டு, பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.) ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115, ஆர்எக்ஸ் 6600 என்றால் 132, பழைய ஆர்எக்ஸ் 580 என்றால் 185. இவற்றுக்குத் தனிக் கேபிள் இல்லாமல் ஆகாது.

இனி எஸ்எம்பிஎஸ் பக்கம் வருவோம். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் கொட்டை எழுத்தில் 450 என்று இருக்கும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் கையில் இருப்பது 192 வாட்தான். 12 வோல்ட் கட்டம் இரண்டு இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் மொத்த வாட்டே கணக்கு.

அந்த 192-இல் ஐ5-3470 போன்ற பிராசசர் 77 வாட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 115. போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன்களுக்கு ஒரு 40 தள்ளினால் 75. காகிதத்தில் 1650-க்குக் கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸின் கெபாசிட்டர்கள் வறண்டுபோயிருக்கும், அது ஸ்டிக்கரில் சொன்னதைத் தராது. கணக்கு இவ்வளவு இறுக்கமாக வந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டுத்தான் கார்டைப் போடவேண்டும் என்பது என் கட்சி. கார்டில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டு அதை எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டவர் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆபீஸ் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். ஆப்டிப்ளெக்ஸ் 9020-இன் சின்ன வடிவத்தில் 255 வாட் எஸ்எம்பிஎஸ், டவர் வடிவத்தில் 290 வாட். 6 பின் கேபிள் கிடையாது. 'சரி, நல்லதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்' என்றால், அதன் மதர்போர்டு வழக்கமான 24 பின் இணைப்பை ஏற்காது, 8 பின்தான். 24-ஐ 8-ஆக மாற்றும் கேபிள் தனியாக வாங்கவேண்டும். சின்ன வடிவப் பெட்டிக்குள் சாதாரண எஸ்எம்பிஎஸ் நுழையவும் நுழையாது. அத்தகைய பெட்டிக்கு விரலுக்குத் தக்க வீக்கமாக, லோ ப்ரொஃபைல் என்ற குட்டை உயரத்தில் வரும் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

6 பின் இல்லையென்றால் கடையில் உடனே, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிளிலிருந்து 6 பின் எடுக்கும் ஒரு அடாப்டரை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். அதிலிருந்து 75 வாட் கேட்கக்கூடிய வாயை மாட்டினால் பிளாஸ்டிக் உருகும். வேறு வழியே இல்லாத இடத்தில் பெரிய நான்கு பின் மோலெக்ஸ் இரண்டிலிருந்து 6 பின் எடுக்கும் அடாப்டர் பரவாயில்லை. அதிலும் அந்த இரண்டு மோலெக்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரே கம்பியில் தொங்குபவையாக இருக்கக் கூடாது.

ஸ்லாட்டும் விண்டோஸும்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் முன்னும் பின்னும் ஒத்துப்போகும். நான்காம் பதிப்புக் கார்டு இரண்டாம் பதிப்பு ஸ்லாட்டில் ஓடும், வேகம்தான் குறையும். எவ்வளவு குறையும் என்பது கார்டு தகவல் அனுப்ப எத்தனை தடம் (லேன்) பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாம் பதிப்பில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 500 எம்பி. பதினாறு தடக் கார்டு என்றால் 8 ஜிபி கிடைக்கும், போதும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் நான்கு தடக் கார்டுகள். புது மதர்போர்டில் நொடிக்கு 8 ஜிபி வரை பேசக்கூடிய இவை, பழைய இரண்டாம் பதிப்பு ஸ்லாட்டில் 2 ஜிபிக்குச் சுருங்கிவிடும். அதோடு 4 ஜிபி மெமரியும் நிரம்பிவிட்டால் விளையாட்டு திக்கித் திணறும். இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசசர் என்றால் இரண்டாம் பதிப்புதான். நான்காம் தலைமுறை பிராசசர் இருந்தும் எச்81 போர்டு என்றால் அப்போதும் இரண்டாம் பதிப்புதான். இப்படிப்பட்ட பெட்டிக்குப் பதினாறு தடம் உள்ள 1650 பொருத்தமான ஜோடி.

இன்டெல் ஆர்க் கார்டுகளை இந்த வயதுப் பெட்டிகளுக்கு நினைக்கவே வேண்டாம். அவை, பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பிக் கட்டப்பட்டவை. இன்டெலே பத்தாம் தலைமுறைக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனிக்க: என்விடியா 2021 ஆகஸ்டோடும், ஏஎம்டி அதே வருடத்தின் நடுவிலும் அதற்கான வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டன. அதற்குப் பின் வந்த கார்டுக்கு விண்டோஸ் 7-இல் டிரைவர் தேடி இரவெல்லாம் விழித்திருப்பது வீண். 32 பிட் விண்டோஸ் என்றால் 2018-லேயே கதவு மூடிவிட்டது. முதலில் 64 பிட் விண்டோஸ் 10 போட்டுவிட்டு மேலே வாருங்கள்.

பொருத்துவது

கார்டைத் தொடும் முன்பே, பழைய டிஸ்ப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மதர்போர்டு அல்லது பெட்டியின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் கடைசியாக வந்த பயாஸை (மெஷினை எழுப்பும் மதர்போர்டின் அடிப்படை புரோகிராம்) ஏற்றிவிடுங்கள். 2012, 2013 காலத்துப் பெட்டிகளில் புதுக் கார்டை ஏற்காத கோளாறு பலதும் இதிலேயே தீர்ந்துவிடும். படம் போன பிறகு பயாஸ் ஏற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி. ஒன்று, கரண்ட் அடிக்கடி போகும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள். நடுவில் போனால் மதர்போர்டே போய்விடும்.

பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட்டில் பத்து வருடத் தூசி இருக்கும், பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். செகண்ட் ஹேண்டு கார்டு என்றால் அதன் தங்க நிறத் தொடுமுனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிடுங்கள். ரேமுக்கு நம் ஊர் மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்யும் அதே வைத்தியம்.

ஸ்லாட் இரண்டு இருந்தால் பிராசசருக்குப் பக்கத்தில் இருப்பதில் போடுங்கள். பல ஆபீஸ் பெட்டிகளில் இரண்டாவது ஸ்லாட் பார்வைக்கு நீளமாக இருந்தாலும் உள்ளே நான்கு தடத்துக்குத்தான் கம்பி இருக்கும். கார்டை இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள், கொக்கி 'டக்' என்று விழவேண்டும். பின்பக்க ஸ்குரூவை முறுக்கும்போது மறுமுனை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த கேபினெட்டின் தகடு கோணலாக இருந்தால் ஸ்குரூவே கார்டை ஸ்லாட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் தூக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்திருக்கிறேன்.

பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

அல்லது ஃபேன் ஒரு துடிப்பு துடித்து அணைகிறது. கார்டைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். கார்டில்லாமலும் உயிர் வரவில்லை என்றால், கை பட்டு ஏதோ கழன்றிருக்கிறது. பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 4 பின் கேபிள், ரேம், முன்பக்கப் பட்டனின் மெல்லிய வயர்கள், இந்த மூன்றையும் பாருங்கள்.

கார்டில்லாமல் ஓடுகிறது, போட்டால் துடித்து அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்கிறது. 6 பின் வாயில் தவறான கேபிளைத் திணித்திருக்கிறீர்களா? பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். எல்லாம் சரி என்றால் நண்பரின் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதிலும் அணைந்தால் கார்டில் ஷார்ட் இருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். முதல் கேள்வி அவமானமாகத் தோன்றினாலும் கேட்டுவிடுகிறேன்: மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, இல்லை பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கிறதா? கேபினெட்டின் முதுகில் செங்குத்தாக இருக்கும் வாய்கள் மதர்போர்டினுடையவை, படுக்கைவாட்டில் இருப்பவை கார்டினுடையவை.

இரண்டாவது, பெரியம்மா மகன் கதை. என்விடியாவின் 10 வரிசை 2016-இல் வந்ததிலிருந்தே அனலாக் வெளியீடு கிடையாது. ஏஎம்டி அதற்கும் முன்பே கைவிடத் தொடங்கிவிட்டது. விஜிஏ மானிட்டர் என்றால், உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ - விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்தான். இரு முனையிலும் வாய் மட்டும் மாறும் வெறும் கேபிள் வேலைக்கு ஆகாது.

அடுத்து, பெட்டி உண்மையில் எதுவரை போகிறது என்று பாருங்கள். கீபோர்டில் நம் லாக் (Num Lock) அழுத்தினால் விளக்கு மாறுகிறதா? மாறினால் மெஷின் விழித்துக்கொண்டது, படம் மட்டும்தான் வரவில்லை. கேபிளை மதர்போர்டின் வாய்க்கு மாற்றினால் படம் வருகிறதா? வந்தால் மெஷின் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. போர்டில் சின்ன பீப் ஸ்பீக்கர் இருந்தால் காது கொடுங்கள். அவார்டு பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை, ஏஎம்ஐ பயாஸில் எட்டு பீப் என்றால் டிஸ்ப்ளே கோளாறு. விளக்கு மாறவில்லை, பீப்பும் இல்லை என்றால் கார்டை விட்டுவிட்டு ரேமைக் கழற்றி ரப்பர் போட்டு மாட்டுங்கள். கார்டு போடும்போது ரேம் அசைவது சாதாரணம்.

இதெல்லாம் சரி என்றால் பயாஸ். முதலில் சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது: பிளக்கைப் பிடுங்கி, வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். பத்து வருடப் பெட்டி என்றால் அந்தப் பேட்டரியையே மாற்றிவிடலாம். பிறகு கார்டைக் கழற்றி மதர்போர்டு டிஸ்ப்ளேயில் பயாஸுக்குள் போங்கள். பெரும்பாலும் டெலிட் அல்லது எஃப்2, எச்பியில் எஃப்10. பார்க்கவேண்டியவை மூன்று. பிரைமரி டிஸ்ப்ளே என்ற இடத்தில் 'ஆட்டோ' என்பதை 'பிஇஜி' அல்லது 'பிசிஐஇ' என்று மாற்றுங்கள். ஸ்லாட்டின் வேகத்தை மாற்ற இடமிருந்தால் 'ஆட்டோ'விலிருந்து 'ஜென் 2'-க்கு இறக்கிப் பாருங்கள். பழைய போர்டும் புதுக் கார்டும் வேகத்தைப் பேசி முடிக்க முடியாமல் நிற்பது உண்டு. மூன்றாவது சிஎஸ்எம்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். விண்டோஸ் வருவதற்கு முன் திரையில் படம் காட்ட, கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. பழைய பயாஸுக்கு ஒரு விதமாக, பிறகு வந்த யூஈஎஃப்ஐக்கு வேறு விதமாக எழுதப்பட்டது. பல கார்டுகள் இரண்டையும் சுமந்து வருகின்றன. 2011, 2012 காலத்து போர்டுகள் மாறுகிற காலத்தில் பிறந்தவை, அவற்றின் யூஈஎஃப்ஐ அரைகுறை. சிஎஸ்எம் என்பது யூஈஎஃப்ஐ போர்டு பழைய பயாஸ் மாதிரி நடிக்கும் வசதி. அது அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள், ஆனில் இருந்தால் அணைத்துப் பாருங்கள். எது வேலை செய்யும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், இதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. அணைத்த பிறகு விண்டோஸ் கிளம்பவில்லை என்றால் பதறாதீர்கள். எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் போட்ட விண்டோஸ் சிஎஸ்எம் இல்லாமல் எழும்பாது, மறுபடி ஆன் செய்தால் வந்துவிடும். அணைத்தால்தான் கார்டு ஓடுகிறது என்று தெரிந்தால், விண்டோஸ் 10-இல் 2017-இலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் தேவையான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவையுங்கள்.

டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. என்விடியாவின் 900, 10 வரிசைக் கார்டுகளில் டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டரை மாட்டினால் விண்டோஸ் வரும்வரை திரை இருட்டாகவே இருக்கும் அல்லது பூட் ஆகாமலே நிற்கும் கோளாறு இருந்தது. 2018-இல் என்விடியாவே அதற்கு ஒரு ஃபர்ம்வேர் கருவி வெளியிட்டது. அதை ஓட்டும்வரை எச்டிஎம்ஐயில் மாட்டிப் பூட் செய்யுங்கள். எப்படியானாலும் 'படமே இல்லை' என்று முடிவுகட்டும் முன் முழுதாக இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

திரையில் 'பவர் கேபிளை மாட்டுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் சந்தோஷப்படுங்கள். கார்டு உயிரோடு இருந்து தன் வாயாலேயே குறையைச் சொல்கிறது. 6 பின்னை மறந்துவிட்டீர்கள்.

லோகோ வருகிறது, விண்டோஸில் மறைகிறது

இது டிரைவர் சமாச்சாரம், எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டவேண்டாம். முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்ப்ளே டிரைவர் ஒருமுறை விழுந்து எழும். வரவில்லையா, விண்டோஸ் லோகோ சுழலும்போது இரண்டு, மூன்று முறை தொடர்ந்து பவரை அணைத்தால் அடுத்த முறை ரிப்பேர் திரை வரும். அதிலிருந்து, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் எழும்பும் சேஃப் மோடுக்குப் போங்கள்.

சேஃப் மோடில் படம் தெளிவாக இருந்தால் பழைய டிரைவரின் மிச்சம் வழிமறிக்கிறது. டிடியூ எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கருவியை ஓட்டி என்விடியா, ஏஎம்டி இரண்டையும் சுத்தமாகத் துடையுங்கள். அதற்கு முன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் துடைக்கத் துடைக்க விண்டோஸ் அப்டேட் பின்னாலேயே பழைய டிரைவரைக் கொண்டுவந்து வைக்கும். பிறகு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்பே இறக்கிவைத்த டிரைவரைப் போடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதன் கோட் எண்ணைப் பாருங்கள். 43 என்றால் டிரைவரைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். அதன் பின்னும் அதே 43 வந்தால், அதுவும் செகண்ட் ஹேண்டு கார்டாக இருந்தால், கிரிப்டோ மைனிங்கில் ஓட்டி யாரோ கார்டின் பயாஸை மாற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். 12 என்றால் மெமரி முகவரி போதவில்லை. பயாஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்' இருந்தால் ஆன் செய்யுங்கள்.

விளையாட்டின் நடுவே அணைகிறது

டெஸ்க்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும், விளையாட்டைத் திறந்த பத்தாவது நிமிடம் பொட்டென்று அணையும். விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் மெஷின் முறையாக மூடாமல் செத்திருக்கிறது, கை எஸ்எம்பிஎஸ் பக்கம் நீள்கிறது. 4101 இருந்தால் டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. அது டிரைவராகவும் இருக்கலாம், சூடாகவும் இருக்கலாம்.

செலவில்லாத சோதனை ஒன்று: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு கட்டுப்பாட்டு புரோகிராமில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, விளையாட்டை 30 ஃப்ரேமில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் கரண்ட் போதவில்லை என்று சந்தேகப்படலாம். மல்டிமீட்டர் இருந்தால், விளையாட்டு ஓடும்போது மோலெக்ஸின் மஞ்சள், கறுப்பு வயர்களில் பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

எஸ்எம்பிஎஸ் நல்லது, ஆனாலும் அணைகிறது என்றால் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பலவற்றின் உண்மைத் திறன் 360 வாட். மானிட்டரும் அதிலேயே மாட்டியிருக்கும், பேட்டரி நாலு வருடப் பழசு. கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினால் விளையாட்டுச் சுமையைத் தாங்காமல் கைவிரித்துவிடும். நேராகச் சுவரில் மாட்டி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

சூடும் உண்டு. சித்திரை மாத மதியத்தில் அறையே 36, 37 டிகிரி. பழைய கேபினெட்டில் காற்றை வெளியே தள்ளும் ஃபேனே இருக்காது. பக்கக் கதவைக் கழற்றிவைத்து ஓட்டிப் பாருங்கள். கார்டின் சூடு பத்து டிகிரி இறங்கினால், ஒரு 120 எம்எம் ஃபேனைப் பின்பக்கம் மாட்டினால் வேலை முடிந்தது.

ஓடுகிறது, ஆனால் வேகம் இல்லை

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் புரோகிராமைத் திறந்து 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் கோளாறு இல்லை, கார்டு கரண்டை மிச்சப்படுத்துகிறது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓட்டியபின் காட்டுவதே உண்மை. பதினாறு தடக் கார்டுக்கு நான்கு என்று வந்தால் ஸ்லாட் மாறிவிட்டது, அல்லது கார்டு சரியாக உட்காரவில்லை.

தடம் சரியாக இருந்தும் கார்டின் உபயோகம் 50, 60 சதவீதத்தில் நின்று, பிராசசரின் ஒரு கோராவது 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், பிராசசர் பின்தங்குகிறது. கார்டில் செய்ய எதுவும் இல்லை. ரெசல்யூஷனைக் குறைப்பது இங்கே உதவாது, அது கார்டின் சுமையைத்தான் குறைக்கும். கூட்டம், நிழல், தூரக் காட்சி போன்ற அமைப்புகளைக் குறைத்துப் பாருங்கள். ஒரே ரேம் குச்சி போட்டிருந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கி ஜோடியாகப் போடுங்கள். பழைய டிடிஆர்3 செகண்ட் ஹேண்டில் மலிவு, நம்பமுடியாத வித்தியாசம் தெரியும்.

உண்மையிலேயே கார்டுதான் என்றால்

பயாஸ் திரையிலேயே கோடுகளும் வண்ணப் புள்ளிகளும் தெரிகிறது, இன்னொரு பெட்டியில் போட்டாலும் அதேதான் என்றால் கார்டு போய்விட்டது. இன்னொரு பெட்டியில் போட்டுப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். பெரியம்மா மகன் திருப்பிக் கொடுத்த முதல் கார்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் 'குறை ஏதுமில்லை' என்ற சீட்டோடு கடைக்குத் திரும்பி வந்ததாம். அதன் பிறகு அவன் அந்தக் கடைப் பக்கம் தலைவைப்பதில்லை.

போகும்போது பில், கார்டின் பின்பக்க சீரியல் ஸ்டிக்கரின் போட்டோ, இரண்டு பெட்டியிலும் கோளாறு தெரியும் பத்து நொடி வீடியோ, இந்த மூன்றையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க்கின் ஸ்குரூ மேல் இருக்கும் வட்டமான வாரன்ட்டி ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். கார்டு வந்த கறுப்புத் தெர்மாகோல் அட்டைப்பெட்டி பரணில் இருந்தால் அதிலேயே எடுத்துப் போங்கள்.